காணியும் இல்லை, நாயும் இல்லை: பறவை வேட்டைக்குப் போகலாமா?

கேள்வி: ஸ்கார்பரோவில் அபார்ட்மென்டில் இருக்கிறேன். வேர்ஹவுஸ் வேலை, ஞாயிறு மட்டும்தான் லீவு. சின்ன வயதில் வன்னியில் பெரியப்பாவோடு வேட்டைக்குப் போன ஆசை இன்னும் விடவில்லை. காணி இல்லை, நாய் இல்லை, ஆயிரம் டொலருக்கு மேல் கையில் இல்லை. இங்கே பறவை வேட்டை எனக்குச் சரிவருமா?

பதில்: சரிவரும் தம்பி. ஆனால் வாத்தில் தொடங்காதேங்கோ. அதற்கு மத்திய அரசின் தனி அனுமதி, ஈயம் இல்லாத தோட்டா, பொம்மை வாத்துகள், கடைசியில் ஒரு படகு என்று செலவு நீண்டுகொண்டே போகும். உங்களுக்கு ஏற்றது ரஃப்ட் கிரௌஸ் என்கிற காட்டுப்பறவை. பார்க்கக் கோழிபோல இருக்கும், நம்மூர்க் காட்டுச்சேவலை விடச் சிறியது. இதற்குக் காலும் கண்ணும் போதும்.

காணிக் கவலையை விடுங்கோ. ஒன்டாரியோவின் முக்கால்வாசி நிலத்துக்கு மேல் அரச காணிதான். பான்கிராஃப்ட் பக்கம் இரண்டரை, மூன்று மணி நேர ஓட்டம். எது அரச காணி என்று மாகாண அரசின் இணைய வரைபடத்தில் பார்க்கலாம். மரத்தில் சிவப்பு வட்டம் பூசியிருந்தால் தனியார் இடம், உள்ளே போகக்கூடாது.

உங்களுக்கு உண்மையான சிக்கல் ஞாயிறுதான். பிரெஞ்சு, மட்டாவா ஆறுகளுக்குத் தெற்கே (பான்கிராஃப்டும் அதற்குள்தான்), அந்தந்த நகரசபை அனுமதித்த இடங்களில் மட்டுமே ஞாயிறன்று துவக்கு வேட்டை செய்யலாம். போகுமுன் அந்த ஊரைச் சரிபாருங்கோ. இல்லையென்றால் மாதத்தில் ஒரு சனிக்கிழமையை யாருடனாவது மாற்றிக்கொள்ளுங்கோ.

துவக்குப் பாதுகாப்பு வகுப்பு, வேட்டைக் கல்வி வகுப்பு இரண்டையும் சேர்த்து வாரஇறுதியில் நடத்துகிறார்கள். அதன் பிறகு துவக்கு லைசென்ஸ். புதிதாக விண்ணப்பிப்பவர் குறைந்தது 28 நாள் காத்திருக்கவேண்டும், பெரும்பாலும் அதற்கு மேலும் இழுக்கும். வேட்டைக்காலம் செப்டம்பர் பிற்பாதியில் தொடங்குவதால் வசந்தத்திலேயே வகுப்பை முடித்துவிடுங்கோ. விண்ணப்பத்தில் மனைவியின் கையெழுத்துக்கும் இடம் உண்டு. அவர் போடாவிட்டால் அரசாங்கமே அவருக்கு அறிவிக்கும். எனவே முதலில் வீட்டில் கதையுங்கோ! பிறகு அவுட்டோர்ஸ் கார்ட் என்கிற மாகாண வேட்டை அட்டை, சிறுவேட்டை லைசென்ஸ்.

துவக்கு பழைய ஒற்றைக்குழல் 20 கேஜ் (குழல் அளவு) போதும். மிச்சக் காசில் நல்ல சப்பாத்தும் ஒரேஞ்ச் நிறத் தொப்பியும் மேலங்கியும் வாங்குங்கோ. அபார்ட்மென்டில் துவக்கைத் தோட்டாவைக் கழற்றிப் பூட்டித்தான் வைக்கவேண்டும்.

இனி நடை. மரம் வெட்டிய பழைய பாதைகளைத் தேடுங்கோ. இளம் ஆஸ்பென் மரங்களும் புதரும் சேரும் ஓரத்தில்தான் கிரௌஸ் நிற்கும். பாதையோரக் குளோவர் இலையைக் கொத்தவும், இரைப்பைக்குச் சிறுகல் பொறுக்கவும் பின்னேரத்தில் வெளியே வரும். நீங்கள் ஒரே வேகத்தில் நடந்தால் அசையாமல் கிடந்து உங்களைப் போகவிட்டுவிடும். பத்து அடி நடந்து சட்டென்று நில்லுங்கோ. அந்த நிற்றல்தான் அதற்குப் பொறுக்காது, படபடவென்று வெடித்தாற்போல் கிளம்பும். முதல் நாலைந்து தடவை உங்கள் நெஞ்சுதான் படபடக்கும், துவக்கு தோளுக்கே வராது. எல்லோருக்கும் அப்படித்தான்.

நாளொன்றுக்கு ஐந்துதான் எல்லை. முதல் வருசத்தில் அந்தக் கவலை உங்களுக்கு வராது. ஒன்று கிடைத்தால், கொழுப்பில்லாத நெஞ்சிறைச்சி என்பதால் கோழிக்கறிபோல் நேரமெடுத்துக் கொதிக்கவிடாதேங்கோ. குண்டு பட்ட இடத்தில் சன்னம் மிஞ்சியிருக்கிறதா என்று கத்தியால் கிளறிப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கோ.