பி-8ஐ இருக்கும்போது ஆளில்லா விமானம் எதற்கு?

அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் பி-8ஐ கண்காணிப்பு விமானங்கள் இருக்கும்போது, கடலைக் கண்காணிக்கத் தனியாக ஆளில்லா விமானம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அரக்கோணத்துக்காரன், 2017 வரை அங்கிருந்த டியு-142 கண்காணிப்பு விமானம் கிளம்பும் ஓசைக்கு ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்த வகுப்பில் படித்தவன். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பி-8ஐ வேகமானது, ஆனால் உள்ளே இருக்கும் மனிதர்களோடு அது சுமார் 10 மணி நேரத்தில் தரையிறங்கியாக வேண்டும். 2020 நவம்பரில் கடற்படைக்குக் குத்தகையாக வந்த எம்கியூ-9பி சீகார்டியன் என்ற ஆளில்லா விமானம் 30 மணி நேரத்துக்கு மேல் பறக்கக்கூடியது. அதை இயக்குபவர்கள் தரையில் இருப்பதால், ஒரு குழு எழுந்து அடுத்த குழு நாற்காலியில் அமரும்போதும் விமானம் அதே கப்பலைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

கடல் கண்காணிப்பு பெரும்பாலும் கணக்கு நேர்செய்யும் வேலைதான். பன்னாட்டுப் பயணம் செல்லும் 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் தம் பெயரையும் இருப்பிடத்தையும் ஏஐஎஸ் கருவி வழியாக ஒலிபரப்ப வேண்டும். ரேடாரில் தெரியும் புள்ளிகளை அந்த ஒலிபரப்போடு ஒப்பிட்டு, பெயர் சொல்லாத புள்ளியின் மீது கேமராவைத் திருப்புவார்கள். அது வலை இழுக்கும் சாதாரண மீன்பிடிப் படகாகவும் இருக்கலாம். படகின் மேல்தட்டில் இருப்பது வலையா, அளவுக்கு மீறிய எண்ணெய்ப் பீப்பாய்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தால்தான் தெரியும்.

தரை ஆண்டெனாவை மட்டும் நம்பும் ஆளில்லா விமானம் சில நூறு கிலோமீட்டர் போனதும் பூமியின் வளைவு தொடர்பை மறைத்துவிடும். சீகார்டியன் செயற்கைக்கோள் வழியாக இயங்குவதால் அந்த எல்லை அதற்கில்லை. 2024 மார்ச்சில் சோமாலியக் கொள்ளையர் பிடியிலிருந்த ரூயன் கப்பலை மீட்டபோது, இந்தியக் கரையிலிருந்து சுமார் 2,600 கிலோமீட்டர் தொலைவில் ஆளில்லா விமானமும் பி-8ஐயும் சேர்ந்தே கண்காணித்தன. ஆனால் 35 கொள்ளையரைச் சரணடையச் செய்ய போர்க்கப்பலும் கமாண்டோக்களும்தான் தேவைப்பட்டார்கள்.

குறையும் உண்டு. 2024 செப்டம்பர் 18 அன்று குத்தகை விமானங்களில் ஒன்று சென்னைக்கு அப்பால் தொழில்நுட்பக் கோளாற்றுக்கு உள்ளாகி, பறக்கும்போதே சரிசெய்ய முடியாததால் கடலில் இறக்கப்பட்டது. இழப்பு பெரிதுதான், உயிர்ச்சேதம் இல்லை. அடுத்த மாதமே 31 விமானங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. அவற்றில் 15 கடற்படைக்கு. நீர்மூழ்கியைத் தேடித் தாக்கும் வேலை மட்டும் இன்னும் பி-8ஐயின் பொறுப்பில்தான் இருக்கிறது.