டில்மிகோசின் ஊசி தவறுதலாக மனிதர் உடலில் ஏறினால் என்ன ஆகும்?

மாடுகளின் நுரையீரல் அழற்சிக்குத் தோலடியில் செலுத்தப்படும் டில்மிகோசின், கை தவறி நம் உடலில் ஏறினால் ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், உயிரையே பறிக்கக்கூடியது. அமெரிக்காவில் இத்தகைய மரணங்கள் பதிவாகியுள்ளதால், மருந்துக் குப்பியிலேயே அந்த எச்சரிக்கை அச்சிடப்படுகிறது.

மேக்ரோலைடு என்னும் நுண்ணுயிர்க்கொல்லி வகையைச் சேர்ந்த இம்மருந்து இதயத் தசையைத் தாக்கி, துடிப்பை விரைவுபடுத்தும் அதே வேளையில் அதன் சுருங்கும் வலிமையைக் குறைத்துவிடுகிறது. ஒரு மில்லிலிட்டரில் 300 மில்லிகிராம் அடங்கிய அடர்த்தியான கரைசல் என்பதால், சிறிதளவு உட்சென்றாலும் அலட்சியம் கூடாது. இதற்கு மாற்று மருந்து கிடையாது என்பதே என்னை மிகவும் கவலைகொள்ள வைப்பது.

குத்திவிட்டால், அந்த இடத்தில் துணி சுற்றிய பனிக்கட்டியை வைத்து, மருந்துக் குப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவசர சிகிச்சையில் தரப்படும் அட்ரினலின், டில்மிகோசின் செலுத்தப்பட்ட பன்றிகளில் நடந்த ஆய்வில் மரணத்தை அதிகரித்ததால், மருத்துவர் குப்பியிலுள்ள எச்சரிக்கைக் குறிப்பைப் படிப்பது இன்றியமையாதது.

தானியங்கி ஊசிக்குழலை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. மாட்டை அசையாதபடி நன்கு கட்டிய பிறகே, மருந்து நிரப்பிய ஊசியைக் கையில் எடுக்க வேண்டும். பன்றி, குதிரை, வெள்ளாடு ஆகியவற்றுக்கும் இவ்வூசி உயிருக்கு ஆபத்தானது.