பின்வாசலை நெம்பியிருக்கிறார்கள்: தங்க வந்தவருக்கு அடிபட்டால் யார் பொறுப்பு?

கேள்வி: கானாடுகாத்தானில் பங்காளிகள் ஐந்து பேருக்குப் பொதுவான வீட்டில் நான்கு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறேன். போன மாதம் யாரோ பின்வாசல் தாழ்ப்பாளை நெம்பிப் பார்த்திருக்கிறார்கள். நாளைக்கு உள்ளே நுழைந்து தங்கியிருப்பவரை அடித்துவிட்டால் நான் பதில் சொல்ல வேண்டுமா? 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்று பலகை வைத்திருக்கிறேன்.

பதில்: ஆச்சி, அடித்ததற்குத் தண்டனை அடித்தவனுக்குத்தான். நஷ்டஈடு வேறு கணக்கு. காசு வாங்கித் தங்கவைப்பதால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 'சேவைக் குறைபாடு' என்று உங்கள் மேல் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். சென்னைக்காரர் அதற்காகச் சிவகங்கை வரத் தேவையில்லை, சென்னையிலேயே போடலாம். இரண்டு வருடம் அவகாசம் உண்டு. ஆபத்து வரும் என்று முன்பே தெரியுமா, தெரிந்தும் செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்டீர்களா என்றுதான் அங்கே கேட்பார்கள்.

போன மாதம் வரை 'தெரியாது' என்று சொல்ல இடம் இருந்தது. இனி இல்லை. நம் செட்டிநாட்டு வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பில் இருக்கும் காவல்காரருக்கு இரண்டாங்கட்டில் கத்தினாலும் கேட்காது. அதனால் முதல் செலவு பின்வாசலுக்கே: உள்பக்கம் இரும்புப் பட்டை, வெளியே விளக்கு, அந்தத் தெருவைப் பார்க்கும் கேமரா. மதிலில் சாய்ந்த கிளை இருந்தால் வெட்டிவிடுங்கள். திருடன் ஏறி இறங்கத் தோதான மரக்கிளையை வெட்டு என்று சத்திரக்காரர்களுக்கு 1867ஆம் ஆண்டு சராய்ச் சட்டமே சொன்னது! நெம்பியதைப் பற்றி போலீசில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதும் (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்குங்கள்.

பலகையை நம்பாதீர்கள். 1998இல் டெல்லி தாஜ்மகால் ஹோட்டலில், நிறுத்தச் சொல்லி ஊழியரிடம் சாவி கொடுத்த கார் திருடுபோனது. 'கார் உரிமையாளரே பொறுப்பு' என்று சீட்டில் அச்சடித்திருந்தும், தன் கவனக்குறைவிலிருந்து ஹோட்டல் அப்படித் தப்ப முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது கார் வழக்குதான். ஆனால் அடிபட்டவரின் வக்கீல் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்.

பங்காளிகள் ஐவர் என்றாலும் சாவியும் வாடகையும் யார் கையில் என்றுதான் பார்ப்பார்கள், அது நீங்கள். பின்கட்டில் கைவைக்க அவர்கள் சம்மதம் வேண்டுமென்றால் பதிவுத் தபாலில் கேளுங்கள். பதில் வரும்வரை பின்பக்க அறைகளைப் பூட்டிவைத்து, முன்பக்கத்தை மட்டும் விடுங்கள்.