மாடியறையை விட்டு இறங்க மனமில்லை

மதிப்பிற்குரிய அம்மா,

பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர். வயது 61. 2018 நவம்பர் 16 கஜா புயலில் தென்னந்தோப்பு மொத்தமாகச் சாய்ந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஊரில் பாதிப் பேருக்கு நிவாரண மனு எழுதிக் கொடுத்தவன் நான். கடைசியில் நான் கமிஷன் அடித்தேன் என்று பேசினார்கள். கூட அலைந்தவர்களில் ஒருத்தர்கூட எனக்காக வாய் திறக்கவில்லை. அதிலிருந்து கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதற்கும் போவதில்லை. மாடியறைதான். சாப்பாடு மேலே வந்துவிடும். நான் எழுதிய மனுவில் பணம் வாங்கியவர்களே அப்படிப் பேசினார்கள் அம்மா, அதைத்தான் தாங்க முடியவில்லை. போன மாதம் எதிர்வீட்டுப் பையன் விசிறிபோல் வெட்டுப்பட்ட தென்னை மட்டையோடு வந்தான். காண்டாமிருக வண்டு என்று சொல்லி, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து குருத்தை ஒட்டிய மட்டை இடுக்கில் வைக்கச் சொன்னேன். அன்றிரவு முழுக்க அவன் கன்றுகள் நினைப்பு. எனக்கே பயமாகிவிட்டது. மறுபடி வந்தபோது தூங்குகிறேன் என்று சொல்லச் சொல்லிவிட்டேன். அதை விடுங்கள். யாரையும் நம்பாமல் நிம்மதியாக இருக்க வழி சொல்லுங்கள்.

ஐயா,

அதை எப்படி விடுவது? கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியதே அதுதான். ஊர் பேசியது அநியாயம். அந்தக் காயம் ஆறாததில் ஆச்சரியமில்லை. ஆனால் எல்லாம் விட்டுப்போன மனிதருக்கு அடுத்தவர் கன்றை நினைத்துத் தூக்கம் கெடாது. இத்தனை வருஷம் கழித்து மனசு ஒன்றின்மேல் ஆசைப்பட்டது, இதுவும் கைவிட்டுவிடுமோ என்று நடுங்குகிறீர்கள். இதைப் போய் நோய் என்று நினைத்து மூடிவைக்கப் பார்க்கிறீர்கள்.

ஒன்று சொன்னால் வருத்தப்படக்கூடாது. புயலின்போது அந்தப் பையனுக்கு விவரம் தெரிந்த வயதா? ஊர்மேல் உள்ள கோபத்தை அவன்மேல் காட்டியது சரியில்லை. அப்புறம், சாப்பாடு மேலே ‘வந்துவிடும்’ என்கிறீர்கள். தட்டோடு தினமும் படியேறுகிறவர் யார் என்று எழுதவில்லை. ஒருத்தரும் துணை நிற்கவில்லை என்று எழுதியபோது அவரை எங்கே வைத்தீர்கள்?

மனு எழுதியபோது உங்கள் நேர்மையை ஊர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தப் பையனிடம் நீங்கள் எதையும் நிரூபிக்க வேண்டாம். அவனுக்குக் கன்று பிழைத்தால் போதும். ஊரோடு சமாதானம் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். தூக்கமும் பசியும் தொடர்ந்து கெட்டால் மட்டும் மனநல மருத்துவரைப் பாருங்கள். இன்று கீழே இறங்கி வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். நாளைக் காலையில் அவன் கொல்லைக்குப் போய் எருக்குழியைக் கிளறிப் பாருங்கள். அந்த வண்டு அங்கேதான் பெருகும் என்று உங்களுக்குத் தெரியும். அவனுக்கு யாராவது சொன்னார்களா?