எதிரொலிக்குக் காத்திருத்தல்

வணக்கம் ஐயா,

பியானோ படித்தவன் நான். பதிவு செய்த ஆர்கன் ஒலிகளைக் கணினியில் வாசிக்க உதவும் ஹாப்ட்வெர்க் மென்பொருளை நிறுவி, நெதர்லாந்தின் ஸ்வோல்லே நகரத் தேவாலயத்து ஆர்கன், அதாவது காற்றால் குழல்கள் ஒலிக்கும் பெரிய இசைக்கருவியின் பதிவைக் கொண்டு, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் எழுதிய முன்னிசைகளை வாசிக்கிறேன். பதிவு அருமை. நான் வாசித்தால் மட்டும் எல்லாம் குழம்பிவிடுகிறது. குழாயே இல்லாத ஆர்கன் போலி என்கிறார் நண்பர். உங்கள் கருத்து?

ச., பட்டர்வொர்த்

அன்புள்ள ச.,

போலி என்ற சொல்லை முதலில் ஒதுக்கிவிடுங்கள். நம் கச்சேரி மேடைகளில் தம்புராவின் இடத்தில் மின்சுருதிப் பெட்டி ஒலிக்கிறது. அதனால் பாடகரின் காந்தாரம் பொய்யாகிவிடுமா? நீங்கள் கட்டையை அழுத்தும்போது கேட்பது, புகழ்பெற்ற ஆர்கன் கைவினைஞர் ஆர்ப் ஷ்னிட்கரின் மகன்கள் 1721இல் கட்டி முடித்த ஆர்கனின் குழல். ஒவ்வொரு குழலாக ஒலிக்கவிட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். நான் கையெடுத்துக் கும்பிடும் உழைப்பு அது.

குழப்பத்துக்கு வருவோம். பியானோவில் விரலின் பலத்துக்கு ஏற்ப ஒலி கூடும், குறையும். ஆர்கனில் எப்படி அழுத்தினாலும் குழல் ஒரே அளவில்தான் ஒலிக்கும். அங்கே விரலை எடுப்பதுதான் வித்தை. ஒரு சுரத்தைத் தொட்டு உடனே விட்டால் தேவாலயம் ஒருவிதமாக எதிரொலிக்கும், நீட்டிப் பிடித்து விட்டால் வேறுவிதமாக. ஆகவே நல்ல பதிவுகளில் இந்த எதிரொலிகளையும் தனித்தனியே பிடித்துவைத்திருப்பார்கள். கட்டையை எவ்வளவு நேரம் பிடித்தீர்கள் என்று பார்த்து மென்பொருள் பொருத்தமானதைச் சேர்க்கும். பியானோப் பழக்கத்தில் சுரங்களை ஒட்டி ஒட்டி வாசித்தால் அவற்றின் எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. போதாக்குறைக்கு, ஓடு பதித்த நம் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் ஒலிபெருக்கி வைத்தால் இன்னோர் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும். ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்.

எஃப் மைனரில் அமைந்த சிறு முன்னிசை, பாக் படைப்புகளின் பட்டியலில் பி.டபிள்யூ.வி. 639, உங்களிடம் இருக்கும். மூன்றே குரல்கள்: வலக்கையில் மெட்டு, இடக்கையில் ஓடும் சுரங்கள், காலால் அழுத்தும் கட்டைகளில் நிதானமாக நடக்கும் கீழ்க்குரல். ஜெலுத்தோங்கில் என் அறையில் அந்தக் கீழ்க்குரலை மட்டும் ஒரு மாதம் வாசித்தேன், ஒரே ஓர் எட்டடி ஸ்டாப்பில், அதாவது ஒரே ஒரு குழல் வரிசையில். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே ஓர் அரிசிமணி அளவு இடைவெளி. முதல் வாரம் அது விக்கல் போலக் கேட்டது. பிறகு ஒருநாள், நான் விட்ட இடைவெளியைத் தேவாலயத்தின் எதிரொலி நிரப்பியது. அன்றுதான் மற்ற இரண்டு குரல்களையும் சேர்த்தேன்.

கோலாலம்பூரில், இரட்டைக் கோபுரத்தின் அடியிலுள்ள பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கில் கிளைஸ் நிறுவனம் கட்டிய ஆர்கன் இருக்கிறது. அதை வாசிக்கும் கச்சேரி வந்தால் நண்பரையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். வாசிப்பவரின் விரல்கள் கட்டையை விட்டு எழும் கணத்தைப் பாருங்கள்.