பழைய புல்லட்டுக்கு டிஸ்க் பிரேக் வாங்கலாமா?

கேள்வி: அப்பா வாங்கிய 1972ஆம் ஆண்டு புல்லட் 350 என்னிடம் இருக்கிறது. முன்சக்கரத்தில் ஆறு அங்குல டிரம் பிரேக். லீவரை முழுக்க அழுத்தினாலும் வண்டி யோசித்துத்தான் நிற்கிறது. டிஸ்க் போடச் சொல்கிறார் உதிரிபாகக் கடைக்காரர். ஏழு அங்குல டிரம் போதும் என்கிறார் மெக்கானிக். எதை வாங்குவது?
— வாசகர், காரைக்குடி

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். இருக்கிற பிரேக்கை முதலில் ஒழுங்காக வேலை செய்ய வையுங்கள்.

சக்கரத்தோடு சுழலும் உங்கள் டிரம்முக்குள் இரண்டு ஷூக்கள், அதாவது அதன் உட்சுவரில் உரசி வண்டியை நிறுத்தும் பிறை வடிவக் கட்டைகள், இருக்கின்றன. சக்கரம் சுழலும் வேகமே ஒன்றை டிரம்மோடு சேர்த்து இழுத்து அழுத்துகிறது. மற்றதை விலக்கித் தள்ளுகிறது. பெரும்பங்கு வேலை ஒரே ஷூவின் தலையில். அதுவும் டிரம்மில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் படுகிறது என்றால் வண்டி எப்படி நிற்கும்?

நல்ல லேத் பட்டறையில் டிரம்மைக் கடைசல் பிடியுங்கள். ஸ்போக்ஸ் கட்டிய முழுச் சக்கரமாகவே கொடுக்க வேண்டும். ஹப்பை (சக்கரத்தின் நடுக்குடத்தை) மட்டும் கடைந்துவிட்டுப் பிறகு ஸ்போக்ஸை முறுக்கினால் வட்டம் மறுபடி கோணிவிடும். ஷூக்களுக்குச் சற்றுக் கனமான லைனிங் (உராயும் மேற்பூச்சுப் பட்டை) ஒட்டி, டிரம்மின் புதிய அளவுக்கு அதையும் கடையச் சொல்லுங்கள். கேபிள் புதிதாக இருக்கட்டும். பிரேக் பிடிக்கும் நிலையில் கேபிளும் கேம் கையும் (ஷூக்களை விரிக்கும் கேமைத் திருப்பும் நெம்புகோலும்) ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்க வேண்டும்; கை சாய்ந்து கிடந்தால் உங்கள் விரல் பலம் வீண். சக்கரத்தை மாட்டும்போது லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே அச்சை முடுக்கினால், ஷூக்கள் டிரம்மின் நடுவில் அமரும். பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். அந்தத் தூசியை வாயால் ஊதவோ காற்றடித்துத் துரத்தவோ கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள்.

இதற்குப் பிறகும் போதவில்லை என்றால் மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள். பிந்தைய புல்லட்டுகளில் வந்த ஏழு அங்குல டிரம்மில், இரண்டு ஷூக்களுமே டிரம்மோடு சேர்ந்து இழுபடும் வகை உண்டு. கேட்டு அதையே வாங்குங்கள். ஆளுக்கொரு கேம் இருப்பதால், இரண்டும் ஒரே நேரத்தில் தொடும்படி இணைப்புக் கம்பியைச் சரிசெய்ய வேண்டும். மேட்டில் வண்டி பின்னோக்கி நழுவும்போது இது அவ்வளவாகப் பிடிக்காது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை போன்ற இடத்தில் பழைய சக்கரமாக வாங்கினால் டிரம்மின் உள்விட்டத்தை மூன்று கோணங்களில் அளந்து, வட்டம் கோணாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்போக்ஸ் துளைகளைச் சுற்றி விரிசல் இருந்தால் விலை பேசவே வேண்டாம். ஷூக்களைத் தாங்கும் பிரேக் பிளேட்டைத் திரும்பாமல் பிடித்துக்கொள்ளும் இடம் உங்கள் ஃபோர்க்கில் பொருந்துகிறதா என்பதுதான் மிக முக்கியம். அந்தப் பிடி விட்டால் பிளேட்டே சக்கரத்தோடு சுற்ற முயலும். ஆள் கீழே விழுவது உறுதி.

டிஸ்க்குக்கு ஹப், கேலிப்பர் (தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்), மாஸ்டர் சிலிண்டர் (லீவரின் அழுத்தத்தை எண்ணெய் வழியாக அனுப்பும் பாகம்), கேலிப்பர் தாங்கும் ஃபோர்க் என முன்பக்கம் முழுவதையும் மாற்ற வேண்டிவரும். செலவைக் குறைக்கப் பழைய ஃபோர்க்கிலேயே தகடு வைத்து வெல்டிங் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்தக் கடையின் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: பிரேக்கை மாற்றினால் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) சிக்கல் வருமா? விண்டேஜ் பதிவு செய்யலாமா?

பதில்: ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. பிரேக் வகை அந்த விவரங்களில் இல்லை. இருந்தாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

2021 விதிகளின்படி 50 ஆண்டுகளைத் தாண்டிய, அசல் நிலையில் உள்ள வண்டிக்கு விண்டேஜ் பதிவு கிடைக்கும். ஆனால் அந்த எண்ணோடு கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் போகலாம். தினமும் அலுவலகம் போக முடியாது. விண்டேஜ் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் கழற்றிய பழைய சக்கரத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: உதிரிபாகத்துக்குக் கடையில் பில் தர மறுக்கிறார்கள்.

பதில்: பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் உங்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. கேட்டும் தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.