மலையகக் கல்லூரிகளில் உதைபந்தாட்டம் ஏன் பின்னுக்குப் போனது?

இலங்கை மலைநாட்டுப் பெரிய பாடசாலைகளான மலையகக் கல்லூரிகள் என்றால் றக்பியைத்தான் பேசுகிறார்கள், ஆனால் தேயிலைத் தோட்டத்துப் பொடியன்களுக்கு உதைபந்தாட்டம்தான் உயிர், இது எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஹட்டனுக்குப் பக்கத்தில் டிக்கோயாப் பக்கம் பிறந்து வளர்ந்தவன் நான். எனக்கு மனதுக்கு நெருக்கமான கேள்வி இது.

முதலில் கண்டி. 1891இல் எல். ஈ. பிளேஸ் 11 மாணவர்களோடு ஒரு பாடசாலை தொடங்கினார். பின்னாளில் அதுவே கிங்ஸ்வூட் கல்லூரி. தொடங்கிய ஆண்டிலேயே பிள்ளைகளுக்கு றக்பி பழக்கிவிட்டார். ஆனால் எதிர்த்து ஆட இன்னொரு பாடசாலை வேண்டுமே! அது கிடைக்காமல் சில ஆண்டுகளில் றக்பியை விட்டு உதைபந்தாட்டத்துக்கு மாறினார்கள். அதாவது கண்டிக் கல்லூரி மைதானத்தில் ஒரு காலத்தில் உதைபந்தாட்டம்தான் வென்று நின்றது. இதை இன்று யாரும் சொல்வதில்லை.

திருப்பம் 1906இல் வந்தது. பிரேசர் அதிபராக இருந்த திரித்துவக் கல்லூரியும் றக்பியைக் கையில் எடுத்தது. போகம்பறை மைதானத்தில் இரண்டு கல்லூரிகளும் மோதின; இலங்கையில் பாடசாலைகளுக்கிடையே நடந்த முதல் றக்பி ஆட்டம் அதுதான். எதிராளி கிடைத்துவிட்டான், அவ்வளவுதான். பழைய மாணவர், கேடயம், பத்திரிகைச் செய்தி எல்லாம் றக்பியின் பின்னால் போயின. 1945இல் திரித்துவத்துக்கும் கொழும்பு றோயல் கல்லூரிக்கும் இடையே பிராட்பி கேடய றக்பிப் போட்டி தொடங்கிய பிறகு கேட்கவே வேண்டாம்.

இனி நம் பக்கம். டிக்கோயாவை அடுத்த டரவளையில் 1868இலேயே வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாருக்குக் கிறிக்கெட் கழகம் இருந்தது. கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளுக்கோ பள்ளிக்கூடமே ஒழுங்காக இல்லை. 1907இல் தோட்டப் பிள்ளைகளின் கல்விக்கென்று சட்டம் வந்தும், பெரும்பாலான தோட்டங்களில் ஒரே ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்குமேல் படிக்க ஹட்டன் ஹைலன்ட்ஸ் போன்ற ஓரிரு கல்லூரிகள் இருந்தன, அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான்.

கல்லூரி இல்லாத இடத்தில் கல்லூரி அணி எங்கிருந்து வரும்? ஆனால் ஆட்டம் இருந்தது. என் தாத்தா காலத்தில் வேலை முடிந்ததும் பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தில், வெறுங்காலோடு ஆடுவார்களாம், பந்து தேயிலைச் சரிவில் உருண்டால் சின்னப் பிள்ளைகள் ஓடிப்போய் எடுத்து வருவார்களாம். மலையில் சமதரை கிடைப்பதே அருமை. கிடைத்த துண்டு நிலத்தில் ஆடக்கூடியது உதைபந்தாட்டம். திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும். றக்பிக்குக் கண்டியில் தொடக்கத்தில் கிடைக்காமல் போன எதிராளி, உதைபந்தாட்டத்துக்கு அடுத்த தோட்டத்திலேயே இருந்தான்.

ஆகவே மலையகத் தமிழ்ப் பாடசாலைகளின் உதைபந்தாட்டத்துக்கு வேர் தோட்டத்தில் இருக்கிறது என்பதே என் உறுதியான எண்ணம். எங்களிடம் ஆட்டம் முதலில் வந்தது, கல்லூரி பிறகுதான் வந்தது. கண்டிக் கல்லூரிகளின் ஆண்டு மலர்களை மட்டும் புரட்டி வரலாறு எழுதினால் இந்தப் பாதி விடுபட்டுப்போகும். ஹட்டன் டன்பார் மைதானத்தில் ஆடி வளர்ந்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். யாராவது அவர்களிடம் பேசிப் பதிவு செய்தால் நன்றாக இருக்கும். பழைய படங்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்து.